மூன்று கறுப்பு

சூளைக் கதவைத் திறந்ததும் முதலில் கத்தியது நாத்தனார்தான்.

“அண்ணி, இங்க வந்து பாருங்க! பூவெல்லாம் பச்சையா இருக்கு. இலையெல்லாம் நீலமா இருக்கு!”

பூக்காரம்மா ஓடி வரவில்லை. எதற்கும் ஓடுகிற ஆள் இல்லை அவள். தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வந்தாள். தட்டில் ஒரு மணல் பருக்கை ஒட்டியிருந்தாலும் வீடு இடிந்து விழுந்தது மாதிரி கூப்பாடு போடுவது நாத்தனாரின் சுபாவம். அவள் கூப்பாட்டுக்கெல்லாம் ஓடினால் கால் தேய்ந்துவிடும்.

இந்தத் தடவை கூப்பாட்டில் நியாயம் இருந்தது. அடுக்கடுக்காக நின்ற சாப்பாட்டுத் தட்டுகள், சின்னக் கிண்ணங்கள், கோப்பைகள் எல்லாவற்றிலும் ஐந்து இதழ்ப் பூ பச்சையாக விரிந்திருந்தது. அதைச் சுற்றி நீல இலைகள். கோட்டில் குறையில்லை. இதழின் வளைவும் இலையின் நுனியும் அவள் கை வேலையேதான். நிறம் மட்டும் இடம் மாறிப் போயிருந்தது.

“இது நான் போட்டதா?”

“வேற யாரு, நானா? எனக்குத் தட்டை கிளேஸ்ல முக்கி எடுக்கத்தான் தெரியும். ஒரு கோடு போடச் சொன்னா அது வீட்டை விட்டே ஓடிரும்.”

சூளைக்காரர் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார். பூக்காரம்மாவின் புருஷன் அவர். சட்டையின் மேல் பொத்தான் இரண்டாவது துளையில் மாட்டியிருந்தது. கடைசித் தட்டை இறக்கி வைத்த பிறகு, “விடு. எப்பவாவது கை மாறும்” என்றார்.

“எனக்கா? எனக்கு எப்பங்க கை மாறியிருக்கு?”

அவர் காலி அடுக்கைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

பூக்காரம்மா தன் வாழ்நாளில் ஒரு பூ விற்றதில்லை. தட்டிலும் கோப்பையிலும் பூப்போட்டே தலை நரைத்தவள் என்பதால் தெருவில் அந்தப் பெயர். புதிதாகக் குடிவந்தவர்கள் வாசலில் நின்று ஒரு கொத்து ரோஜா கேட்பதும், அவள் ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டி, “வாடாத பூதான் இங்க கெடைக்கும்” என்று சொல்வதும் அவ்வப்போது நடக்கும். 

அந்தத் தொழிலில் ஒரு வினோதம் உண்டு. நீலம் தருகிற பொடியும் கறுப்பு, பச்சை தருகிற பொடியும் கறுப்பு, விளிம்புக்குப் பழுப்பு தருகிற பொடியும் கறுப்பு. தண்ணீர் விட்டு அரைத்துவிட்டால் மூன்றும் கரிக்குழம்புதான், கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. பூப்போட்ட தட்டை கிளேஸ் என்கிற மெருகுக் குழம்பில் முக்கியதும் வெள்ளை மாவு மாதிரி ஒரு பூச்சு எல்லாவற்றையும் மூடிவிடும். சூளைக்குள் போய் வெந்து, கிளேஸ் கண்ணாடியாக உருகித் தெளிந்த பிறகுதான் போட்டது என்ன நிறம் என்பது போட்டவளுக்கே தெரியும். 

அதனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அரைத்த மூன்று கறுப்பும் அலமாரியில் மூன்று சீசாக்களில் நிற்கும். காலையில் சூளைக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்து விரல் நுனியில் தேய்த்துப் பார்ப்பார். வெண்ணெய் மாதிரி வழுக்கினால் நீலம். கொஞ்சம் நறநறத்தால் பச்சை. ரேகைக்குள் ஏறிப் பிடித்துக்கொண்டால் பழுப்பு. பார்த்துக் கிண்ணங்களில் ஊற்றி, நீலத்தை வலப்பக்கம், பச்சையை நடுவில், பழுப்பை இடப்பக்கம் வைப்பார். வைத்த கிண்ணத்தை வேறு யாரும் தொடக் கூடாது. சீசாவில் சீட்டு ஒட்டினால் என்ன என்று நாத்தனார் ஒருமுறை கேட்டதற்கு, “உப்புக்கும் சர்க்கரைக்கும் நாக்கு இருக்கில்ல, எனக்கு விரல் இருக்கு” என்று அவள் வாயை அடைத்துவிட்டார். அவர் விரல் தப்பு செய்யும் என்று அந்த வீட்டில் யாரும் கனவில்கூட நினைத்ததில்லை.

ஆகவே தப்பு பூக்காரம்மாவுடையது. வலப்பக்கம் தொட வேண்டிய தூரிகையை நடுக்கிண்ணத்தில் தொட்டிருக்கிறாள். ஒரு பூவுக்கு அல்ல, ஒரு சூளை முழுவதற்கும்.

அவளால் மறுக்கவும் முடியவில்லை. பூப்போடும்போது அவள் மனசு அங்கே இருக்காது. கை பாட்டுக்குத் தொடும், போடும், தட்டைத் திருப்பும். மனசு மகள் வீட்டுக்குப் போய் அங்கே துணி காயவில்லையே என்று கவலைப்பட்டுவிட்டுத் திரும்பி வரும். எந்தக் கிண்ணத்தைத் தொட்டாய் என்று கேட்டால் என்னவென்று சொல்வாள்?

போதாக்குறைக்கு, மழை தொடங்கியதிலிருந்தே அவளுக்குச் சில்லறை மறதிகள் வந்திருந்தன. குழாயைத் திறந்துவிட்டு மறந்து, களிமண் மூட்டை நனைந்து கூழானது. மூக்குக் கண்ணாடி மாவு டப்பாவுக்குள் கிடைத்தது. நாத்தனாரை மகளின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒவ்வொன்றும் அன்றைக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பச்சைப்பூ வந்த பிறகு எல்லாம் ஒன்று சேர்ந்துகொண்டு மிரட்டின. அவளுடைய அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் பெற்ற மகளையே பார்த்து, “நீங்க யாரு வீட்டுக்கு வந்தீங்க?” என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையைப் பூக்காரம்மாவால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

குழப்பத்தின் மேல் குழப்பமாக, தட்டுகளை எடுக்க வந்த கடைக்காரம்மா பச்சைப்பூவைப் பார்த்துச் சொக்கிப் போனாள்.

“புதுசா இருக்கே! இதே மாதிரி இன்னொரு செட் போட்டுக் குடுங்க.”

“அது தெரியாம வந்ததுங்க.”

“தெரியாமலே இன்னொரு தடவை போடுங்களேன்.”

அவள் போன பிறகு பூக்காரம்மா நாத்தனாரைப் பார்த்தாள். “சரியா போடணும்னா வலது கிண்ணம். தப்பா போடணும்னா நடுக் கிண்ணம். நான் சரின்னு நெனச்சதே தப்பா போயிருக்கு. இப்ப தப்பா போடணும்னு நெனச்சா அது சரியா போயிடுமா?”

“எனக்குத் தலை சுத்துது அண்ணி. நீங்க எப்பவும் போடற மாதிரியே போடுங்க. வர்றது வரட்டும்.”

வந்தது நீலப்பூ. அடுத்த சூளையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இரண்டு செட்டுக்கு நடுவில் தான் என்ன மாற்றிச் செய்தோம் என்று பூக்காரம்மா உட்கார்ந்து யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் மாற்றிச் செய்ததாக நினைவில்லை. நினைவில்லை என்பதே பயமாக இருந்தது. அதற்கடுத்த சூளையில் மறுபடியும் பச்சைப்பூ.

இந்தத் தடவை நாத்தனார் கத்தவில்லை. அவள் கத்தாததுதான் பூக்காரம்மாவை உலுக்கியது. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

நாத்தனார்தான் மகளுக்குப் போன் போட்டிருக்க வேண்டும். விடுமுறை நாளில் மகள் நனைந்த குடையோடு வந்து இறங்கினாள். சூளை எரிந்துகொண்டிருந்த நாள் அது. சூளையின் தலையில் உருளைக்கிழங்கு சுட்டுத் தின்பது அந்த வீட்டுப் பழக்கம். சூளைக்காரர் வெறுங்கையால் கிழங்குகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டார். மற்றவர்கள் துணி சுற்றித் தொட்டதற்கே ஊதி ஊதித் தோலுரித்தார்கள்.

“எங்க அண்ணன் கை இரும்புக் கை” என்று நாத்தனார் பெருமைப்பட்டாள்.

மகள் உப்பைத் தொட்டுக்கொண்டே பேச்சை ஆரம்பித்தாள். “அம்மா, சும்மா ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே. இன்னைக்கு என்ன கிழமை?”

பூக்காரம்மா சட்டென்று சொன்னாள். “சூளை வெச்ச மறுநாள்.”

அந்த வீட்டில் நாள் கணக்கே அப்படித்தான். மண் பிசைகிற நாள், பூப்போடுகிற நாள், சூளை வைத்த நாள், மறுநாள், திறக்கிற நாள். கிழமை என்பது அடுத்த வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தால் தெரிந்துகொள்கிற விஷயம். நாத்தனாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். ஆனால் மகள் ஊரில் ஆபீஸ் போகிறவள். அவள் கையிலிருந்த கிழங்கு அப்படியே நின்றது.

“கிழமை கேட்டேம்மா.”

“அதாண்டி சொன்னேன். ஓ... கிழமையா? இரு. நேத்து குப்பை வண்டி வந்துச்சு. அப்ப இன்னைக்கு...”

“சரி விடும்மா.”

“விடாதே, சொல்றேன் இரு.”

“பரவாயில்லைம்மா. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம். நான் நேரம் வாங்கி வெக்கறேன். அதுவரைக்கும் நீ பூப்போட வேணாம். அத்தை கத்துக்கட்டும். இல்லேன்னா வெறும் வெள்ளைத் தட்டா வித்துக்கலாம். அப்பா, நீங்க என்ன சொல்றீங்க?”

சூளைக்காரர் கிழங்குத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். 

“கேக்கறேன்ல அப்பா.”

“டாக்டர்கிட்ட காட்டினா தப்பில்லை” என்றார் அவர்.

பூக்காரம்மாவுக்கு அந்தக் கணத்தில் தன் வீடே அந்நிய வீடு மாதிரி இருந்தது. வெள்ளைத் தட்டு என்கிறாளே! பூப்போடாமல் அவள் அந்த வீட்டில் என்ன செய்வாள்? விடிந்ததும் எங்கே போய் உட்காருவாள்? வெறும் வெள்ளைத் தட்டு ஆஸ்பத்திரியில் சாப்பாடு போடுகிற தட்டு. 

“நீ நேரம் வாங்கு. வர்றேன். ஆனா அதுவரைக்கும் என் எடத்துல வேற யாரும் உக்காரக் கூடாது” என்றாள். 

மகள் ஊருக்குப் போன பிறகு மழை வலுத்தது. பூப்போடும் முன் ஒருமுறை சுட்டெடுத்த தட்டுகள்கூட ஈரத்தைக் குடித்து மந்தமாக இருந்தன. காலையில் சூளைக்காரர் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு கிண்ணம் கையிலிருந்து நழுவி, நல்லவேளையாக அதிகம் சிந்தாமல் அவள் மடியில் விழுந்தது. “ஈரக் கை” என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

பூக்காரம்மா தூரிகையை எடுத்தாள். கீழே வைத்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கையை நம்ப முடியாது என்றால் அதை எப்படிக் கையும் களவுமாகப் பிடிப்பது?

உடைந்த தட்டுச் சில்லு ஒன்று மேசைக் காலுக்கு முட்டாக இருந்தது. அதை எடுத்துத் துடைத்தாள். பூப்போட ஆரம்பிக்கும் முன்னாலேயே வலது கிண்ணத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டாள். நடுக் கிண்ணத்துக்கு இரண்டு கீறல். இடது கிண்ணத்துக்கு மூன்று. பிறகு ஒவ்வொரு பூவுக்கும், “வலது, வலது, நடு” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டாள். 

“யார்கிட்ட அண்ணி பேசறீங்க?” என்று நாத்தனார் எட்டிப் பார்த்தாள். முகத்தில் கவலை அப்பட்டமாகத் தெரிந்தது.

“கிண்ணத்துகிட்ட.”

நாத்தனார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பூக்காரம்மா சில்லையும் தானே கிளேஸில் முக்கி, கோப்பைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

திறக்கிற நாள் வந்தது. மழைக்குப் பயந்து சூளைக்காரர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார், சூளை சரியாக ஆறவில்லை. கதவை இழுத்ததும் அனல் முகத்தில் அடித்தது. தட்டுகள் குளிர்காற்றுப் பட்டு டிங் டிங்கென்று முனகின. நாத்தனார் ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

பூ பச்சை. இலை நீலம்.

பூக்காரம்மா கோப்பைகளுக்குப் பின்னால் கம்பியை விட்டுச் சில்லை வெளியே தள்ளினாள். தரையில் விழுந்து ஆறும்வரை குனிந்தே நின்றாள். ஒரு கீறல் போட்ட புள்ளி பச்சை. இரண்டு கீறல் போட்ட புள்ளி நீலம். மூன்று கீறல் மட்டும் சரியாகப் பழுப்பு.

அப்படியென்றால் கிண்ணமே மாறி வந்திருக்கிறது. அவள் கை தொடுவதற்கு முன்னாலேயே மாறியிருக்கிறது. அவளுக்குப் புரிந்தது. உடனேயே புரியாமலும் போனது. ஒரு கீறல் வலதுக்குத்தானா? ஒருவேளை நடுவுக்கு ஒன்று போட்டோமோ? இத்தனை நாள் தன்னைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டு, சாட்சி கையில் வந்த பிறகும் அதை நம்பத் தைரியம் வரவில்லை. 

கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தாள். சூளைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பெரிய தட்டை எடுத்து, வெறுங்கையில் பிடித்துக்கொண்டு பூவைப் பார்த்து நின்றார். பக்கத்துத் தட்டைப் பூக்காரம்மா தொட்டாள். சுரீரென்றது. “ஆ” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார். விரல் நுனிகள் வெள்ளையாகிக்கொண்டிருந்தன.

“என்னங்க, சுடலையா?”

“எது?”

“கையில வெச்சிருக்கீங்களே, தட்டு!”

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“சூடா இருக்கா?” என்று கேட்டார்.

பூக்காரம்மா தட்டைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து நாலாகப் போனது. அவர் கையைப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் அமுக்கினாள். தண்ணீருக்குள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். 

“இது தெரியுதா?”

“இல்லை.”

“இது?”

“கட்டை விரல் கொஞ்சம் தெரியுது.”

“எப்பருந்து?”

“மழைக்கு முன்னாலேருந்து. மொதல்ல நுனி மட்டும் மரத்துக் கெடந்துச்சு. சரியாயிடும்னு இருந்தேன்.”

அவள் சில்லை எடுத்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள். “நீங்க கிண்ணத்தை வெச்ச ஒடனே போட்ட புள்ளி இது. ஒரு பூ போடறதுக்கு முன்னால போட்டது.”

அவர் அந்தப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். 

“அப்போ மொதத் தடவை பூ பச்சையா வந்தப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“பொண்ணு என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி கிழமை கேட்டாளே, அப்ப?”

“தெரியும்.”

“நான் பாத்ரூம்ல தாழ் போட்டுட்டு அழுதேனே, அப்ப?”

அவர் நிமிர்ந்தார். “அது தெரியாது.”

பூக்காரம்மாவுக்கு எதை முதலில் உணர்வது என்று தெரியவில்லை. தன் புத்தி தன்னிடமே இருக்கிறது என்று ஒரு சந்தோஷம் காலிலிருந்து ஏறி வந்தது. பாதி வழியில் கோபம் அதை மறித்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் அந்த வெந்துபோன விரல்கள் வாளிக்குள் கிடந்தன. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து அவள் முகம் கோணியது.

“ஏங்க இப்படிப் பண்ணினீங்க? எனக்கு எங்க அம்மா கதிதான்னு நான் செத்துப் பொழைச்சுட்டு இருக்கேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை?”

“விரல் போச்சுன்னா இந்தச் சூளைகிட்ட என்னை விடுவீங்களா? எனக்கு வேற என்ன தெரியும்? உனக்கு மறதின்னா எல்லாரும் உன்னைச் சுத்தி உக்காந்து பாத்துக்குவாங்க. அப்படி நெனச்சேன். இல்லை, அப்படியும் நெனைக்கலை. அடுத்த தடவை சரியா ஊத்திருவேன், அடுத்த தடவை சரியா வந்துரும்னே ஓட்டிட்டேன். ஒரு தடவை வந்துச்சு பாரு.”

“குருட்டாம்போக்குல வந்துச்சு.”

“ஆமா.”

“நான் மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. மனசு ஆறலை.”

“சரி.”

“சரின்னு சொல்லாதீங்க. எரிச்சலா வருது.”

அவள் உள்ளே போய் மருந்து எடுத்து வந்து ஒவ்வொரு விரலுக்கும் தடவித் துணி சுற்றினாள். வலிக்காத புண்ணுக்கு அவ்வளவு மெதுவாகத் தடவ வேண்டிய அவசியமில்லை. இருந்தாலும் மெதுவாகத்தான் தடவினாள். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ரொட்டியோடு வந்த நாத்தனார், உடைந்த தட்டையும் கட்டுப்போட்ட கையையும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் கேட்காமல் சூப் வைக்கப் போனாள்.

சாயங்காலம் மகள் போன் செய்தாள். 

“அம்மா, டாக்டர்கிட்ட நேரம் கெடைச்சிருச்சு. வருவேல்ல?”

“வர்றோம். அப்பாவுக்குக் காட்டணும்.”

“அப்பாவுக்கா? அம்மா, மறந்துட்டியா? நேரம் வாங்கினது உனக்கு.”

“மறக்கலைடி. எனக்கு ஒண்ணுமில்லை. அப்பாவுக்குத்தான்.”

“அத்தைகிட்ட போனைக் குடும்மா” என்றாள் மகள், அழுகிற குரலில். பூக்காரம்மா சிரித்துக்கொண்டே போனை நாத்தனாரிடம் நீட்டினாள்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சூளைக்காரர் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரலாமா என்று தெரியாதவர் மாதிரி. அலமாரியில் மூன்று சீசாக்கள் நின்றன. சீட்டு ஒட்டுவதற்குக் காகிதமும் பசையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்தாள். எதில் எதை ஒட்டுவது என்பதுதான் இப்போது கேள்வி.

“கீழ ஊத்திட்டுப் புதுசா அரைக்கலாமா?” என்றார் அவர். 

“எதுக்கு ஊத்தணும்? தட்டுல போட்டுச் சுட்டுப் பாத்தா தெரிஞ்சிரும். உள்ள வாங்க. அந்த சீசாக்களை எடுத்துக் குடுங்க. ரெண்டு கையாலயும் புடிங்க.”

அவர் ஒவ்வொன்றாக, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டுவந்து வைத்தார். பூக்காரம்மா ஒரு வெற்றுத் தட்டை எடுத்து, முதல் சீசாவைத் தொட்டு ஒரு பூப் போட்டாள். பூவுக்குக் கீழே ஒரு கீறல். அடுத்த சீசாவுக்கு வருவதற்கு முன்னால் அவர் குனிந்து, கட்டுப்போட்ட விரலால் அந்த இரண்டாவது சீசாவைச் சுட்டிக்காட்டினார்.

“இது நீலந்தானே?”

அவள் ஒரு சொட்டு எடுத்து விரலில் தேய்த்தாள். வழுக்குவது மாதிரி இருந்தது. நறநறப்பது மாதிரியும் இருந்தது. இத்தனை நாள் அவள் வாயிலிருந்து வந்துவிடக் கூடாதே என்று நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு வார்த்தை, தடுக்க ஆளில்லாமல் தானாக வந்தது.

“தெரியலை” என்றாள் பூக்காரம்மா, கொஞ்சம்கூடப் பயமில்லாமல். 

“எனக்கும் தெரியலை” என்றார் அவர்.

அவள் தூரிகையைத் தோய்த்து இரண்டாவது பூவைப் போட ஆரம்பித்தாள். அவர் தட்டு நகராமல் மணிக்கட்டால் பிடித்துக்கொண்டார்.